தராசு யாருடைய கையில?

சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தைக் கூட்டத்தில் அந்தப் பெரியவர் பேசிய வீடியோவை இதுவரைக்கும் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். நன்றி. நான் அங்கேதான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். காது நன்றாகவே கேட்கும்.

கூட்டுறவுச் சங்கம் என்றால் சோம்பேறி மடம், மூடவேணும் என்றவர், "சங்கத்தில சேர்ந்து வருமானம் கூடின ஒரு கமக்காரனைக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேரின் படிப்புச் செலவு வெங்காயத்திலும் புகையிலையிலும் வந்தது என்பது வேறு கதை. இல்லை, இதே கதைதான்.

காட்டுகிறேன். என்னுடைய ஐயா.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், செம்மண் தோட்டம். சின்ன வெங்காயம். சந்தைக்குக் கொண்டுபோய் நூறு கிலோ நிறுத்தால் தொண்ணூறுக்குத்தான் காசு. மிச்சம் பத்தும் 'கழிவு'. மண், சருகு, அழுகல் என்று ஒரு காலத்தில் காரணமாவது சொன்னார்களாம். பிறகு காரணமும் தேவைப்படவில்லை. கொழும்புக்கு லொறி ஏற்றினால் இன்னும் விசேஷம்: லொறிக்கூலி, மூட்டை தூக்குகிற நாட்டாமைக்கூலி, சாக்கு, தரகு எல்லாம் வெட்டி ஒரு கணக்குத் துண்டு வரும். காசு பின்னால் வரும். எப்போது என்று கேட்கக்கூடாது.

பத்து வீதம்தானே என்கிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு விற்க எழுபது ரூபாய் செலவு என்று வைப்போம். விதை, உரம், இறைப்பு, கூலி. குடும்பத்துக்கு மிஞ்சுவது முப்பது. கழிவு பத்தும் அந்த முப்பதிலிருந்துதான் போகிறது. வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒன்று! ஒரு வெங்காயமும் கூட விளையாமல், தராசைச் சரியாகப் பிடித்தாலே அது திரும்பி வரும்.

ஐயாவும் அயலில் சில தோட்டக்காரரும் சங்கத்துக்கூடாக விற்கத் தொடங்கினபோது நடந்தது அவ்வளவுதான். விலை வானத்துக்கு ஏறவில்லை. நிறுத்த கிலோவுக்குக் காசு வந்தது, சொன்ன நாளில் வந்தது. விதை வெங்காயத்துக்குச் சங்கக் கடன் கிடைத்ததால் அம்மாவின் சங்கிலி போகத்துக்குப் போகம் அடைவுகடைக்குப் போகிறது நின்றது. கட்டாமல் மிஞ்சின அடைவு வட்டியும் வருமானம்தான், பெரியவரே. வெளியே போகாமல் நிற்கிற காசு உங்களுடைய பவர்பொயின்டில் தெரியாது.

"எழுபதுகளில் வெங்காயமும் மிளகாயும் விலைபோனது இறக்குமதித் தடையால, சங்கத்தால இல்லை" என்று ஒருவர் எழுதுவார். இப்போதே ஒத்துக்கொள்கிறேன். 1977இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது, அதைச் சங்கம் தடுக்கவில்லை. எந்தச் சங்கத்தாலும் ஏலாது. ஆனால் விழுந்த விலையிலும் கழிவு வெட்டினார்களே, நான் கேட்பது அதை.

"வசதியுள்ளவன்தான் சங்கத்தில சேருறான், அதால சேர்ந்தவன் வருமானம் கூடத்தான் தெரியும்." இது நல்ல கேள்வி. பெரியவர் இதைக் கேட்டிருந்தால் நான் கை தட்டியிருப்பேன். சேர்ந்தவனையும் சேராதவனையும் சும்மா பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். சொந்தக் காணி இல்லாதவர்களுக்கும் குத்தகைக்குச் செய்தவர்களுக்கும் எங்களுக்குக் கிடைத்தது கிடைக்கவில்லை. சங்கக் கூட்டங்களில் கதிரை யாருக்கு, வாசலில் நின்றது யார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் வாசலில் நின்றவர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், சங்கத்தை மூடச் சொல்லாதீர்கள்.

"ஊழல், அரசியல்." இந்த நாட்டில் எத்தனை நிதிக் கம்பனிகள் மக்களின் வைப்புக் காசோடு விழுந்தன? அப்போது யாராவது மேடையேறி, கம்பனி என்றால் சோம்பேறி மடம் என்று சொன்னார்களா? போதும்.

இன்னொன்று. அவர் வீடியோ முழுக்கச் சொன்னது சங்கக்கடையை. மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற கடுப்பு அவருக்கு இன்னும் ஆறவில்லை, விளங்குகிறது. ஆனால் பொருள் விற்கிற கடை வேறு, விளைந்ததைச் சேர்த்து விற்கிற சங்கம் வேறு. 1911இல் இந்த நாட்டுக்கு முதல் கூட்டுறவுச் சட்டம் வந்ததே கடன் சங்கங்களுக்காகத்தான், கடைக்காக இல்லை. யாழ்ப்பாணம் போனால் வீரசிங்கம் மண்டபத்தில் மாலை போட்டுக்கொள்கிறோமே, அந்த வீரசிங்கம் யார்? கூட்டுறவாளர். மூளாய் ஆஸ்பத்திரியைக் கட்டியது யார்? கூட்டுறவு. சனங்கள் தாங்களே சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டின ஊரிலிருந்து வந்துதான் இங்கே இருந்து சிரிக்கிறோம்.

கிளிநொச்சியில் மச்சான் ஒருவன் நெல் செய்கிறான். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு முழு விலையில் விற்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் நிற்க வேண்டும். அவனிடம் காயப்போடத் தளமும் இல்லை, அடுக்கிவைக்கக் களஞ்சியமும் இல்லை, கடன்காரன் மட்டும் படலையில் நிற்கிறான். வயலிலேயே ஈர நெல்லை வந்த விலைக்குக் கொடுக்கிறான். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு தளம் போடலாம். தனியே ஏலாது. இதில் எங்கே இருக்கிறது சோம்பேறித்தனம்? விடியப்புறம் நாலு மணிக்கு இறைப்புக்குப் போன மனிசரைப் பற்றி, ஏசி மண்டபத்தில், கட்லட்டை வாயில் வைத்துக்கொண்டு. அந்தக் கட்லட்டுக்குள்ளும் வெங்காயம் இருந்தது.

கோபம் வருகிறது, உண்மைதான். "நீயும் இருபத்தெட்டு வருசமாகக் கொழும்பில தானே இருக்கிறாய், உனக்கென்ன தோட்டம்" என்று இன்பொக்ஸில் கேட்டவருக்கு: ஓம், எனக்குத் தோட்டம் இல்லை. மண்வெட்டி பிடித்து நாளாகிவிட்டது. இந்தப் படிப்பும் வேலையும் அந்தத் தோட்டத்தின் பணம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீடியோவை நிறுத்திப் பார்க்கிறவர்கள் சொல்வீர்கள். மண்டபம் சிரித்தபோது நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். எழும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் அலுவலகத்தில் எனக்கு மேலுள்ளவர். வீட்டுக்கு வந்து ஐயாவின் பழைய தகரப்பெட்டியைத் திறந்தேன். கொழும்பிலிருந்து வந்த துண்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால், தான் வீட்டில் நிறுத்த எடை.

இரண்டு எடையும் தெரிகிற மாதிரி நாலு துண்டைப் படமெடுத்துக் கீழே முதல் கொமெண்டில் போட்டிருக்கிறேன். முதலாளிமாரின் பெயர்களை மறைத்துவிட்டேன்.