புறப்பட்ட ஆறு பேர்

நிறவெறிக்கு எதிரான போராட்டம் என்றதும் சிறையில் வாடியவர்களையும் குண்டடிபட்டு மாண்டவர்களையும் நினைக்கும் நாம், வாத்தியங்களைச் சுமந்துகொண்டு நாட்டைவிட்டுப் போனவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் தப்பிப் போய்விட்டவர்கள் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ப்ளூ நோட்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஜாஸ் குழுவுக்கு நேர்ந்ததை அறிந்தால் அப்படிச் சொல்ல நா எழாது.

பியானோ வாசித்த கிறிஸ் மெக்ரெகர் வெள்ளையர். டூடூ புக்வானா, மொங்கேசி ஃபெசா, நிக் மொயாகே, ஜானி டியானி, லூயிஸ் மொஹோலோ ஆகிய ஐவரும் கறுப்பர்கள். எங்கே குடியிருக்கலாம், எந்த வாசல் வழியாக நுழையலாம், எந்த இருக்கையில் அமரலாம் என்பதையெல்லாம் தோலின் நிறத்தைப் பார்த்துச் சட்டம் தீர்மானித்த நாட்டில், இந்த அறுவரும் ஒரே மேடையில் ஏறி, ஒருவர் வாசிப்பதற்கு மற்றவர் செவிகொடுத்து, அங்கேயே அடுத்த சுரத்தைக் கண்டெடுத்தார்கள். அதைவிடப் பெரிய முழக்கம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஷார்ப்வில் என்ற ஊரில் காவல்துறையால் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட 1960-க்குப் பிறகு அடக்குமுறை மேலும் இறுகிப்போக, 1964-இல் பிரான்சின் ஆன்டீப் ஜாஸ் விழாவுக்குப் புறப்பட்டவர்கள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். மொயாகே மட்டும் விரைவில் ஊர் திரும்பினார்; அங்கே வெகுகாலம் வாழவில்லை.

சூரிச் வழியாக லண்டன் சேர்ந்த மற்றவர்களின் வாசிப்பு, பிரிட்டனின் ஜாஸ் இசைக்கே புதுரத்தம் பாய்ச்சியது என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் புகழ் அவர்களுக்கு நிலையான வருமானத்தையோ மன அமைதியையோ தரவில்லை. ஊரைவிட்டு வரும்போது பத்தொன்பது வயதுப் பையனாக இருந்த டிரம்பெட் கலைஞர் ஃபெசா, மனநலச் சிகிச்சைக்காகச் சேர்க்கப்பட்ட மருத்துவமனையில், 1975 டிசம்பரில் நிமோனியாவால் இறந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது.

இரங்கல் கூட்டம் முடிந்ததும், டிசம்பர் 23 அன்று, எஞ்சிய நால்வரும் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடினார்கள். எதை வாசிப்பது என்று ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் வாசிக்கத் தொடங்கினார்கள். இடையிடையே வாத்தியங்களை மீறிக் குரல்கள் எழுகின்றன. இறந்தவனைத் தாய்மொழியில் அழைக்கும் ஒப்பாரியாகவே அவை என் காதில் விழுகின்றன. அந்தப் பதிவை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க இன்றுவரை என்னால் இயலவில்லை. ஊரில் புதைக்கவும் ஊராரோடு அழவும் வழியில்லாதவர்களின் துக்கத்துக்கு அந்தக் கூடத்தைத் தவிர வேறு இடமில்லை. நாடிழந்த வாழ்க்கை என்ன தண்டனை என்பதை எனக்குப் புரியவைத்தது அதுதான்.

டியானி 1986-இல் பெர்லினில் இறந்தபோது, அவருக்காக வாசிக்க மூவரே இருந்தார்கள். 1990 பிப்ரவரியில் மண்டேலா விடுதலையானார். அவ்வாண்டு மே மாதம் மெக்ரெகரும் ஜூனில் புக்வானாவும் காலமானார்கள். நிறவெறிச் சட்டங்கள் நீங்கிய நாட்டில் அவர்களால் ஒருமுறைகூட வாசிக்க முடியவில்லை. டிரம்ஸ் கலைஞர் மொஹோலோ 2005-இல் கேப் டவுனில் தாம் வளர்ந்த லங்கா என்ற குடியிருப்புப் பகுதிக்குத் திரும்பிச் சென்று, 2025 ஜூனில் இறக்கும்வரை தாய்மண்ணிலேயே வாழ்ந்தார். புறப்பட்டுப் போன அறுவரில், விடுதலை பெற்ற நாட்டில் குடியிருக்கக் கொடுத்துவைத்தவர் அவர் ஒருவர்தான்.