சூப்பர்மேன் வேதக்காரரா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி மகன், தேவாலயக் காட்சி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, “பெரியப்பா, சூப்பர்மேன் வேதக்காரரா?” என்று கேட்டான். வேதக்காரர் என்று நாங்கள் சொல்வது கிறிஸ்தவரை. அவன் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. பாதிரியாரிடம் பேசும் நாயகனின் தலைக்குப் பின்னால், கெத்சமனே தோட்டத்தில் மன்றாடும் இயேசு வண்ணக் கண்ணாடியில் தெரிகிறார். நாயகனுக்கு வயது 33. விண்கலத்திலிருந்து வெளியேறும்போது இரு கைகளையும் சிலுவைபோல் விரித்துக்கொள்கிறான். 2013இல் படம் வெளியானபோது அமெரிக்கப் போதகர்களுக்கெனச் சிறப்புக் காட்சிகள் நடத்தப்பட்டதோடு, பிரசங்கக் குறிப்புகளும் எழுதிக் கொடுக்கப்பட்டன. பையன் கண்டுபிடித்ததை யாரும் ஒளித்து வைத்திருக்கவில்லை.

ஆனால் சூப்பர்மேனின் பூர்வீகம் வேறு. 1938இல் அவனை உலகுக்குக் கொண்டுவந்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் குடிபெயர்ந்து வந்த யூதப் பெற்றோரின் பிள்ளைகள். அவனுடைய பிறப்புப் பெயரான கால்-எல் என்பதில் வரும் ‘எல்’, எபிரேயத்தில் இறைவனைக் குறிக்கும் சொல். அழியப்போகும் கிரகத்திலிருந்து பெற்றோர் குழந்தையைக் கலத்தில் ஏற்றி அனுப்பும் கதையில் நாணற்பெட்டியில் விடப்பட்ட மோசேயை மேலைநாட்டார் காண்கிறார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் அதே கதையைச் சொன்னால், பேழையில் மிதந்து வந்த கர்ணன்தான் எவருக்கும் நினைவுக்கு வருவான். வந்து சேர்ந்த ஊரில் தன் பிறப்பு மறைக்கப்பட்டே வாழ வேண்டியிருந்தவன் என்ற வகையில், கர்ணனே அவனுக்கு இன்னும் நெருக்கமானவன் என்பது என் எண்ணம்.

அந்தப் படத்தின் பக்தி எனக்கு ஒட்டவில்லை. சிலுவைபோல் கைவிரித்த அதே நாயகன் இறுதியில் பகைவனின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். சண்டையில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து விழுகிறது. மக்களோ ஓடவும் அண்ணாந்து பார்க்கவும் மட்டுமே இருக்கிறார்கள். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்’ படத்தில் கைகள் சிதைந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் காத்மண்டு வரை சென்று குருவைத் தேடும்போதாவது, ‘நான்’ என்ற செருக்கை விடுமாறு சொல்லப்படுகிறது. அதற்காக அந்தப் படத்தை மன்னிக்கிறேன். (ஆன்மிகம் தேடிக் கமராவோடு மலையேறி வருபவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.)

சமயம் என்று நான் அறிந்தது மன்மதன், ரதி கதையை ஆடும் மாசி மாதத்துக் காமன் கூத்தில் கண்டது. காப்புக் கட்டி, விரதமிருந்து, ரதியாக அரிதாரம் பூசிக்கொள்பவர் யார் என்பது தோட்டம் முழுவதற்கும் தெரியும். முந்தைய வாரம் மருந்தடிக்கும் டாங்கியைத் தோளில் சுமந்து தேயிலை மலைக்குப் போனவர்தான் அவர். ஆயினும் தப்பு முழங்க அவர் லயத்து வாசலுக்கு வரும்போது, அவருக்கு மூத்தவர்கள்கூடத் தட்டில் சூடமேற்றிக் கும்பிடுகிறார்கள். அரிதாரம் அவரை மறைப்பதற்காகப் பூசப்படுவதன்று. இன்னார் என்று தெரிந்தே கும்பிடுவதுதான் அதன் சிறப்பு. எங்கள் தெய்வங்களும் அப்படித்தான். தேயிலை ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி, செடியில் கத்தி வைப்பதற்கு முன் கும்பிடக் கவ்வாத்துசாமி என்று அவை வானத்திலிருந்து இறங்காமல் வேலைத்தலத்திலேயே உண்டானவை.

இந்தக் கண்ணோடு பார்த்தால், 2004இல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’ படத்தின் ரயில் காட்சிக்கு நிகராக இந்த வகைப் படங்களில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. பிரேக் பழுதாக்கப்பட்ட ரயிலின் முன்னால் நின்று, இருபுறமும் வலைகளை வீசிப் பிடித்துக்கொண்டு, முகமூடியில்லாமல், உடை கிழியக் கிழிய ஸ்பைடர்மேனாகிய பீட்டர் அதை நிறுத்துகிறான். அங்கேயும் அவன் கைகள் விரிந்திருக்கின்றன. அதையும் சிலுவை என்று எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த நிமிடம். மயங்கி விழப்போனவனைப் பயணிகளின் கைகள் உள்ளே இழுத்து, தலைகளுக்கு மேலாகக் கைமாற்றிக் கொண்டுபோய்த் தரையில் கிடத்துகின்றன. தன் மகனைவிட மூத்தவனில்லையே என்று ஒருவர் வியக்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். வில்லன் திரும்பி வந்தபோது, எந்தச் சக்தியும் இல்லாத அந்த மனிதர்கள் குறுக்கே நிற்கிறார்கள். ஒரு நொடியில் அவன் அவர்களை ஒதுக்கித் தள்ளிவிடுகிறான் என்பது வேறு. காப்பாற்றப்பட்டவர்கள் காப்பாற்றியவனைச் சுமக்கும் அந்தக் காட்சியில், திருவிழாவில் அம்மனைத் தோளில் ஏற்றிக்கொள்ளும் எங்கள் ஆட்களை நான் பார்த்தேன்.

இதையெல்லாம் தம்பி மகனிடம் சுருக்கமாகச் சொல்லி, அந்த ரயில் காட்சியையும் போட்டுக் காட்டினேன். கண் இமைக்காமல் பார்த்து முடித்தவன், “அந்த ரயில்ல இருந்தவங்க ஒருத்தர்கூட வீட்டுல போய்ச் சொல்லலையா, பெரியப்பா?” என்று கேட்டான். அடுத்த காம்பிராவில் (லயத்து அறையில்) தும்மினால் இங்கே நலம் விசாரிக்கும் லயத்தில் வளர்கிற பிள்ளை; அவனுக்கு நம்பும்படியான பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.