அந்த மாடு தானமாக வந்ததல்ல

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் லினக்ஸ் பயனர் வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அந்த விவகாரத்தில் வாய் திறக்க வேண்டாம் என்றுதான் மூன்று நாள்களாக இருந்தேன். நேற்று இரவு திரும்பவும் அதே வரியை ஒருவர் எடுத்துப் பகிர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும், லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கும் ஒரு தங்கை கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. இரவு மூடி வைக்கும்போது 90 சதவீதம் இருந்த சார்ஜ் காலையில் 35 ஆகிவிடுகிறது, பையில் வைத்தால் லேப்டாப் சுடுகிறது, எதைச் சோதிக்க வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். அது எந்த மாடல், லேப்டாப்பை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் எந்தப் பதிப்பு என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் விரும்பிய பதில் நமக்கெல்லாம் தெரிந்த அந்த அண்ணன் எழுதியது: "தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதேம்மா, விண்டோஸைப் போடு." மாலைக்குள் அந்தப் பெண் தன் பதிவையே நீக்கிவிட்டார்.

அந்த மாடு தானமாக வந்ததல்ல. அவருடைய வீட்டில் பணம் கொடுத்து வாங்கிய லேப்டாப் அது. அதன் பலகையில் எழுதி வந்திருக்கும் ஃபர்ம்வேர், அதாவது அந்த பயாஸ் போன்ற மென்பொருள், அந்த விலைக்குள் அடங்கிய சரக்கு. லினக்ஸ் இலவசமாக வந்திருக்கலாம். லேப்டாப்பைத் தூங்க வைப்பதில் பாதி வேலை லினக்ஸுடையதே அல்ல என்பதைத்தான் நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996இல் ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. அதன்படி, லேப்டாப்பின் ஃபர்ம்வேர் சில அட்டவணைகளை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும். அவை வெறும் அட்டவணைகள் அல்ல, அவற்றுக்குள் தயாரிப்பாளர் எழுதிய நிரலே இருக்கிறது. மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும், விசிறியை எப்போது சுழற்ற வேண்டும், எந்தச் சாதனத்துக்கு மின்சாரத்தை எப்படி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த நிரலில்தான் எழுதப்பட்டிருக்கும், இயங்குதளத்தின் மையமான கர்னல் அதை வாங்கி வரிக்கு வரி நடத்திக் காட்டும். அந்த நிரலில் தவறு இருந்தால், நடத்திக் காட்டுகிறவன் மேல்தான் பழி விழுகிறது.

இதில் என்னை வருத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நிரல் இயங்குதளத்தைப் பார்த்து "நீ எந்த விண்டோஸ்?" என்று கேட்கும். "நீ லினக்ஸா?" என்று கேட்டால் லினக்ஸ் இயல்பாக "இல்லை" என்றும், விண்டோஸின் பதிப்புப் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் "ஆம்" என்றும் பதில் சொல்லும்படி கர்னலை எழுதியிருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சோதித்துப் பார்ப்பது விண்டோஸுக்கான பாதையை மட்டுமே என்பதால் வந்த ஏற்பாடு இது. தன் பெயரைச் சொன்னால் வேலை கெட்டுப்போகும் என்று அடுத்தவன் பெயரைச் சொல்லிப் பிழைக்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒன்றைப் பார்த்து, உனக்குத் தூங்கத் தெரியவில்லை என்கிறோம்.

தூக்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு எஸ்3 என்ற தூக்கநிலை பெரும்பாலான லேப்டாப்புகளில் இருந்தது. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டுவிட்டு மற்றவற்றை அணைத்துவிடும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, கைபேசியைப் போல அரைத்தூக்கத்தில் இருந்து நொடியில் விழிக்கும் முறை அறிமுகமானது. விண்டோஸ் 10இல் அதற்கு மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர். அதன் பிறகு பல தயாரிப்பாளர்கள் எஸ்3யை ஃபர்ம்வேரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். லினக்ஸில் இந்தப் புதிய முறையை எஸ்2ஐடில் என்கிறோம். இதில் எல்லாச் சாதனங்களும் ஒத்துழைத்தால்தான் செயலி ஆழ்ந்த நிலைக்கு இறங்கும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியோ வைஃபை அட்டையோ ஏதேனும் ஒன்று விழித்திருந்தாலும் திரை மட்டும் இருண்டிருக்க, உள்ளே மின்சாரம் செலவாகிக்கொண்டேயிருக்கும்.

2018இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை லேப்டாப்பின் கதை இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது வெளிவந்தபோது ஃபர்ம்வேரில் எஸ்3 இல்லை. வாங்கியவர்கள் அந்த ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்துத் திருத்தித் தங்கள் கையாலேயே எஸ்3யைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பிறகு லெனோவோவே பயாஸில் ஒரு தெரிவைச் சேர்த்தது. தூக்கநிலை என்ற இடத்தில் விண்டோஸ் 10 அல்லது லினக்ஸ் என்று தேர்ந்தெடுக்கலாம். லேப்டாப்பும் மாறவில்லை, லினக்ஸும் மாறவில்லை. ஃபர்ம்வேர் மாறியது, தூக்கம் வந்தது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

என்னிடமும் ஒரு சான்று இருக்கிறது. 2021இல் நான் வாங்கிய லேப்டாப், மதுரையிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகும்போது மடியில் இருந்த பைக்குள் சுட்டது. விழுப்புரம் வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வாரண்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் திரையை ஒரு முறை பார்த்தார், லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். "லினக்ஸ் போட்டிருக்கீங்க சார், இதை நாங்க தொடமாட்டோம்" என்றார். என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். படிக்கட்டில் இறங்கும்போது "அப்பா, நீங்க தப்பா ஏதாவது செஞ்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

அதன் பிறகு பதினேழு இரவுகள் உட்கார்ந்தேன். செயலி ஆழ்ந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்டெல் லேப்டாப்புகளில் கர்னல் மைக்ரோநொடியில் கணக்கு வைத்திருக்கும். என் லேப்டாப்பில் எட்டு மணி நேரம் மூடிவைத்து எடுத்தாலும் அந்தக் கணக்கு சுழியம்தான். ஒவ்வொரு சாதனமாகக் கழற்றிப் பார்த்தேன், மின்செலவைக் காட்டும் பவர்டாப் கருவியை ஓடவிட்டுப் பார்த்தேன், கர்னலுக்குத் துவக்கத்தில் தரும் அளவுருக்களில் எதையெதையோ எழுதிப் பார்த்தேன், சுழியம் மாறவில்லை. கடைசியில் தயாரிப்பாளரின் தளத்தில் புதிய பயாஸ் ஒன்று கிடப்பதைக் கண்டேன். விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்பு அது. என் மைத்துனரிடம் பழைய எஸ்எஸ்டி ஒன்றைக் கடன் வாங்கி, அதில் விண்டோஸை நிறுவி, பயாஸைப் புதுப்பித்துவிட்டு, என் எஸ்எஸ்டியைத் திரும்ப மாட்டினேன். அதே லினக்ஸ், அதே கர்னல், ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கணக்கு சுழியமாக இல்லை. 96இல் மூடி வைத்த சார்ஜ் 92இல் இருந்தது. அந்த இரவுகளுக்கு யாரும் எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அதே லேப்டாப்பில் விண்டோஸ் ஒழுங்காகத்தானே தூங்குகிறது" என்பீர்கள். எப்போதும் இல்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை வந்த நாளிலிருந்து, பையில் வைத்த லேப்டாப் சுடுகிறது என்று விண்டோஸ் பயன்படுத்துவோரும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் மாட்டின் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

"லினக்ஸிலும் தவறு உண்டு, உபுண்டு லினக்ஸின் 17.10 பதிப்பு பயாஸையே கெடுத்ததே" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், 2017 டிசம்பரில், பயாஸ் இருக்கும் சில்லோடு பேசும் இன்டெல் எஸ்பிஐ டிரைவரால் சில லெனோவோ லேப்டாப்புகளில் அது நடந்தது, அந்த நிறுவல் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள், திருத்தினார்கள். ஒளித்துவைக்கவில்லை. அதே நேர்மையோடு 2013இன் சாம்சங் கதையையும் சொல்லுங்கள். லினக்ஸைத் துவக்கினால் சில சாம்சங் லேப்டாப்புகள் செத்துப்போகின்றன என்று ஊரெல்லாம் லினக்ஸைத் திட்டியது. ஃபர்ம்வேரின் சேமிப்பிடம் நிறைந்தாலே லேப்டாப் முடங்கும் என்பதையும் விண்டோஸிலிருந்தே அதைச் செய்துவிட முடியும் என்பதையும் லினக்ஸ் நிரலாளர் மாத்யூ காரெட் நிரூபித்துக் காட்டினார். திட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பிறகு படித்தார்கள்?

"லினக்ஸ் போடும் சிலருக்காக ஒரு நிறுவனம் மெனக்கெடுமா" என்பது இன்னொரு கேள்வி. மெனக்கெடும் நிறுவனங்கள் இருக்கின்றன. ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எஃப்டபிள்யூஅப்டி என்ற ஃபர்ம்வேர் புதுப்பிப்புக் கருவி வழியாக டெல்லும் லெனோவோவும் லினக்ஸுக்குள்ளிருந்தே பயாஸைப் புதுப்பிக்கும்படி கோப்புகளைத் தருகின்றன. முடியாது என்பவர்கள் பெட்டியின் மேல் அச்சடித்துவிடட்டும். வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்.

"சாதாரண ஆள் கணினியின் செயல்பாட்டுப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருக்க முடியுமா" என்ற கேள்விதான் எனக்குக் கடினமானது. முடியாதுதான். என் அம்மாவால் முடியாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது முடியும், அவர் கேட்டதே அதைத்தான்.

இந்த "தானம்" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை வாங்கிய பிள்ளைகளையும் "ஓசி லேப்டாப்" என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் அதே பாஸ் லினக்ஸில்தான் முதன்முதலாக ஒரு கட்டளை முனையத்தைத் திறந்து பார்த்தார்கள், அவர்களில் இருவர் இன்று என்னோடு வேலை செய்கிறார்கள். கர்னலைக்கூட யாரும் பிச்சையாகப் போடவில்லை. இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹேட், கூகுள் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் எழுதுவது அதில் பெரும்பகுதி. எளியவர் கையில் ஒரு பொருள் இருந்தால் அது ஓசியாகத்தான் இருக்கும் என்றும், ஓசியில் வந்ததைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்றும் நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அண்ணனுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது என்று நம்புகிறேன். ஆனால் அந்த வரி அப்படித்தான் போய் விழுந்தது.

அந்தத் தங்கையிடம் நான் தனியே பேசினேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். எந்தத் தூக்கநிலைகள் கிடைக்கும் என்று காட்டும் கோப்பை, சிஸ் அடைவின் பவர் பகுதியிலுள்ள மெம்ஸ்லீப்பை, பார்க்கச் சொன்னேன். அதில் எஸ்2ஐடில் மட்டும்தான் இருக்கிறது, எஸ்3யைக் குறிக்கும் டீப் என்ற சொல்லே இல்லை. அதாவது அந்த ஃபர்ம்வேர் எஸ்3யைக் கொடுக்கவேயில்லை. ஆகவே கர்னல் அளவுருவில் டீப் என்று எழுதச் சொன்ன ஐந்து பேரின் யோசனையும் அங்கே எடுபடாது. ஆழ்ந்த நிலையின் கணக்கு சுழியம். லேப்டாப்பில் இருப்பது வாங்கியபோது வந்த பயாஸ். தயாரிப்பாளரின் தளத்தில் அதற்குப் பிறகு நான்கு பதிப்புகள் வந்திருக்கின்றன, அவற்றில் ஒன்றின் குறிப்பில் தூக்கநிலையில் மின்செலவைத் திருத்தியிருப்பதாக எழுதியிருக்கிறது. அதுதான் காரணமா என்பது புதுப்பித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டிரைவரில் கோளாறு என்று தெரிந்தால் அதையும் இங்கேயே எழுதுவேன்.

நான்கு பதிப்புகளுமே விண்டோஸில் மட்டும் ஓடும் கோப்புகள். திருநெல்வேலிப் பக்கம் யாரிடமாவது உதிரியாக ஓர் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி இருந்தால், அதில் விண்டோஸை நிறுவிப் பயாஸைப் புதுப்பிக்க, ஒரு நாள் கடனாகக் கொடுங்கள். உள்பெட்டியில் சொன்னால் போதும், திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.