நகர்ந்தது யார் என்று முதலில் பாருங்கள்

காலையிலிருந்து எல்லாக் குரூப்பிலும் அதே மீம். தலைமை பாஜகவோடு போனதும் கூடப் போகாமல் தனிக் கட்சிக்குப் புதுப் பெயர் தேடிய கேரளத்து ஜேடிஎஸ்காரர்களை (மதச்சார்பற்ற ஜனதா தளம்) கிண்டலடிக்கிற மீம். கட்சிச் சின்னமான, நெற்கட்டு சுமக்கும் பெண்ணின் தலையில் நெற்கட்டை எடுத்துவிட்டு நாற்காலியை வைத்திருக்கிறார்கள். பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது, வரைந்தவருக்குக் கை நன்றாகவே ஓடுகிறது. அதற்குக் கீழே வந்த கருத்துகளைப் படித்த பிறகுதான் ரத்தம் ஏறியது. "பதவிக்காகக் கட்சியை உடைத்தவர்கள்", "ஆளும் கூட்டணியை விடமுடியாமல் புதுப் பெயர் தேடியவர்கள்", "அந்தர் பல்டி". எழுதியவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். அதில் ஒருவர் சட்டம் படித்தவர். அவருக்காகவே இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும், பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

கேரளத்து ஜேடிஎஸ்காரர்கள் எந்தப் பல்டியும் அடிக்கவில்லை. 2021-இல் இடது முன்னணியில், அதாவது எல்டிஎஃப்பில், நின்றார்கள், இரண்டு பேர் ஜெயித்தார்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரில் கிருஷ்ணன்குட்டி, திருவல்லாவில் மாத்யூ டி. தாமஸ். ஓட்டுப் போட்டவர்கள் எல்டிஎஃப்புக்கு என்று தெரிந்தேதான் போட்டோம். 2023 செப்டம்பரில் பெங்களூரில் இருக்கும் தலைமை, அதாவது அப்பா தேவகவுடாவும் மகன் குமாரசாமியும், டெல்லிக்குப் போய் பாஜகவின் என்டிஏ கூட்டணியில் சேர்ந்துவிட்டு வந்தது. இங்கே இருந்த இரண்டு பேரும் "நாங்கள் வரவில்லை" என்று இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இதில் நகர்ந்தது யார்? வீட்டுக்காரன் வீட்டை விற்றுவிட்டுப் போனான் என்பதற்காகக் குடியிருந்தவனை ஓடிப்போனவன் என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா?

ஆனால் நம் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, வேடிக்கையே அங்கேதான் இருக்கிறது. 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோது மூன்றில் ஒரு பங்கு எம்எல்ஏக்கள் பிரிந்தால் அதைப் பிளவு என்று ஏற்றுக்கொண்டார்கள். 2003-இல் செய்த திருத்தத்தில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது இணைப்பு ஒன்றுதான், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆள் வேண்டும். இரண்டே பேர் இருக்கிற சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் இரண்டு பேருமேதான்! ஒருவர் தயங்கினாலும் கதை முடிந்தது. இணைவதென்றால் இணைய இன்னொரு கட்சியும் இருக்க வேண்டும். அதை விட்டுத் தன் இஷ்டத்துக்கு வேறு கட்சியில் சேர்ந்தால் தானாக உறுப்பினர் பொறுப்பை விட்டதாகக் கணக்கு, பதவி போய்விடும். ஆக, ஓட்டுப் போட்டவனிடம் சொன்ன இடத்திலேயே நிற்பவன் சட்டத்தின் கண்ணுக்குத் தாவியவனாகத் தெரியலாம். சொன்ன இடத்தை விட்டுப் போன தலைமைக்கு எந்தச் சிக்கலும் கிடையாது. பெயர் அவர்களுடையது, சின்னம் அவர்களுடையது, கொறடா உத்தரவும் அவர்களுடையது.

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். 2022-இல் ஷிண்டே ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார், இருந்த ஆட்சியைக் கவிழ்த்தார், முதல்வரானார். அடுத்த பிப்ரவரியில் தேர்தல் ஆணையம் சிவசேனை என்ற பெயரையும் வில் அம்பையும் அவர் கையிலேயே கொடுத்தது. கூட்டணி மாறிப் போனவருக்குத் தலை எண்ணிக்கை இருந்ததால் பெயரும் கிடைத்தது. இங்கே மாறாமல் நின்றவர்கள் புதுப் பெயர் தேட வேண்டியிருந்தது. இதற்கு ஒரு மீம் போடுங்களேன்.

சரி, "1999-இல் தேவகவுடா என்ன செய்தார்" என்று யாராவது கேட்டீர்களா? ஜனதா தளத்தில் சரத் யாதவ் பக்கம் பாஜகவோடு போனபோது இதே தேவகவுடாதான் "நான் வரமாட்டேன்" என்று தனிக் கட்சி கண்டார். ஜேடிஎஸ் பிறந்ததே அப்படி. அன்று அது கொள்கை. இன்று கேரளத்தில் அதையே செய்தால் துரோகம். அந்தச் சரத் யாதவும் 2017-இல் நிதிஷ் பாஜகவோடு போனதும் பிரிந்து வந்து, அடுத்த வருடம் லோக்தாந்திரிக் ஜனதா தளம் என்று ஒன்று உருவானது, கேரளத்து சோசலிஸ்ட் தலைவர் வீரேந்திரகுமார் அதற்குப் போய் எல்டிஎஃப்புக்கே திரும்பி வந்தார். சோசலிஸ்டுகளுக்கு இது பழகிப்போன வியாதி, ஒத்துக்கொள்கிறேன். பிரிவது, சேர்வது, பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பது.

தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பதைப் பார்த்தால்தான் கூடுதலாக எரிகிறது. 1996-இல் மூப்பனார் காங்கிரஸிலிருந்து பிரிந்து தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) கண்டபோது அதன் சின்னமான சைக்கிளைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் நீங்கள். சட்டமன்றத்தில் 39, மக்களவையில் 20 கொடுத்தீர்கள். 2001-இல் தமாகா அதிமுக பக்கம் போனபோது சிதம்பரம் அதிலிருந்தும் பிரிந்து பேரவை தொடங்கித் திமுக அணியோடு நின்றார். அதற்கு யாரும் நாற்காலி படம் வரையவில்லை. "மூப்பனார் ஆட்சியில் இல்லாத கட்சியோடல்லவா போனார்" என்று இப்போது ஒருவர் வருவார். வாருங்கள். ஜெயித்த பிறகு டெல்லியில் நிதி அமைச்சர் யாராம்? அதே தமாகாவின் சிதம்பரம்தானே?

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு மனதில் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டால், என் மாமா. சித்தூர் தொகுதியில், தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஜனதாவுக்குச் சுவர் எழுதியவர். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம், நடுவில் சின்னம். சின்ன வயதில் நீலம் கரைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போயிருக்கிறேன். அந்தப் பெண்ணின் தலையில் கதிர்க்கட்டைப் போடும்போது மட்டும் பிரஷ்ஷை மாற்றுவார், பழைய பிரஷ்ஷில் முடி கொட்டி நாலே நாலு முடி மிச்சம் இருக்கும், அதில்தான் கதிர் ஒவ்வொன்றாக விழும். பணம் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. டீயும் பரோட்டாவும்தான். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் டிவியில் மாண்டியா காட்டினார்கள். தாமரைக் கொடிக்குப் பக்கத்தில் அதே பெண், அதே கட்டு. மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ர கையில எழுதுன சின்னம் கண்ணு அது, அமத்து" என்றார். அமர்த்திவிட்டேன். அப்புறம் அதைப்பற்றி அவர் பேசவே இல்லை, ரேஷன் கார்டு மஸ்டரிங் பற்றித்தான் பேசினார். அந்த மனிதரும் இந்த "பதவிக்காக" என்ற வார்த்தைக்குள் வருவாரா? அவருக்கு என்ன பதவி? வார்டு மெம்பருக்குக்கூட நின்றதில்லை.

பதவி, பதவி என்கிறீர்களே, மாத்யூ டி. தாமஸின் கதையையாவது ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். 2009-இல் கோழிக்கோடு மக்களவைத் தொகுதியை சிபிஎம் எடுத்துக்கொண்டது என்று கட்சி கோபித்தபோது, போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் ராஜினாமா செய்தார். பிறகு வீரேந்திரகுமார் பக்கம் காங்கிரஸ் தலைமையிலான யுடிஎஃப்புக்குப் போனது, இவர் எல்டிஎஃப்பிலேயே நின்றார். நின்றதற்குக் கூலியாக அமைச்சர் பதவி கிடைத்ததா? அது ஜோஸ் தெற்றயிலுக்குப் போனது. 2016-இல் மறுபடி அமைச்சர், 2018 நவம்பரில் பாதியிலேயே கட்சி சொன்னதால் இறங்கி கிருஷ்ணன்குட்டிக்கு வழிவிட்டார். நாற்காலிப் பித்து பிடித்தவர் நடந்துகொள்கிற லட்சணமா இது?

"கிருஷ்ணன்குட்டி 2009-இல் வீரேந்திரகுமாரோடு போனவர்தானே?" ஆமாம், போனார். திரும்பியும் வந்தார். 2016-இல் சித்தூரில் காங்கிரஸின் கே. அச்சுதனைத் தோற்கடித்தார். அடுத்த கேள்வி.

"கேரளத்தில் பாஜக பக்கம் போனால் ஒரு சீட் கூடத் தேறாது, அதனால்தானே இங்கேயே ஒட்டிக்கொண்டார்கள், இதில் என்ன கொள்கை?" இருக்கலாம். எந்த அரசியல்வாதியின் நெஞ்சைப் பிளந்து கொள்கை எத்தனை சதவீதம், கணக்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்பது? குமாரசாமிக்கு 2024 ஜூனில் டெல்லியில் கனரகத் தொழில் துறை கிடைத்ததே, அதில் கொள்கை எத்தனை சதவீதம் என்று யாராவது அளந்தீர்களா? 2006-லேயே பாஜக தயவில் கர்நாடக முதல்வரானவர் அவர். பெரிய ஆள் மாறினால் ராஜதந்திரம், சின்ன ஆள் மாறாமல் நின்றால் சந்தர்ப்பவாதம். அந்த 2021 சட்டமன்றத்தில் எல்டிஎஃப்புக்கு 99 பேர். இந்த இரண்டு பேர் இருந்தாலும் போனாலும் ஆட்சிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேரம் பேசுகிற தெம்பே இல்லாதவர்களைப் பேரம் பேசினார்கள் என்றால் எப்படி?

"அப்படியானால் ராஜினாமா செய்துவிட்டுப் புதுப் பெயரில் மறுபடி நின்று ஜெயித்திருக்கலாமே?" என்று அந்த வக்கீல் நண்பர் கேட்கிறார். கேட்பது சுலபம் ஐயா. இடைத்தேர்தல் யார் காசு? மக்கள் கொடுத்த தீர்ப்பை மாற்றாதவன் எதற்கு மறுபடி தீர்ப்புக் கேட்க வேண்டும்? மாற்றியவனல்லவா கேட்க வேண்டும்? 2023-இல் பாஜக கூட்டணிக்குப் போன கர்நாடகத்து ஜேடிஎஸ் எம்எல்ஏக்களில் யாராவது ராஜினாமா செய்து நின்றார்களா? நின்றால் சொல்லுங்கள்.

ஆனால் தாமதம் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கோபம் எனக்கே இருக்கிறது. செப்டம்பரில் தலைமை போனது, தனிக் கட்சி என்று முடிவெடுக்க அடுத்த ஜூன் ஆயிற்று. அதற்குப் பிறகும் இழுத்தார்கள். இந்த இடைவெளியில் ஒரு கட்சியின் ஓர் அமைச்சர் பினராயி அமைச்சரவையில், இன்னோர் அமைச்சர் மோடி அமைச்சரவையில். உலகத்தில் வேறெங்கும் இப்படி இருந்திருக்குமா தெரியவில்லை. அதற்கு நடுவில் தேவகவுடா ஒரு நாள் பினராயியின் சம்மதத்தோடுதான் பாஜகவோடு சேர்ந்தோம் என்று ஒரு குண்டைப் போட்டார். பினராயி மறுத்ததும் நான் அப்படிச் சொல்லவில்லை என்று பின்வாங்கினார். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சதீசன் தினமும் குடைந்தார், குடையாமல் என்ன செய்வார், வாய்ப்பை நீங்கள்தானே கொடுத்தீர்கள். அப்போதே வெளிப்படையாகச் சண்டை போட்டவர் கட்சியின் மூத்த தலைவர், வடகரை சி.கே. நாணு ஒருவர். கோவளத்தில் தனிக் கூட்டம் கூட்டினார். டிசம்பரில் தேவகவுடா அவரைக் கட்சியை விட்டே நீக்கினார். அந்த வயதில் அந்த மனிதர் தனியாக நின்றபோது நம் அமைச்சரும் எம்எல்ஏவும் பக்கத்தில் போகவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. சட்டம் பயமுறுத்தியது, தெரியும். பக்கத்தில் போய் ஒரு வார்த்தை பேசுவதற்குமா சட்டம் தடை?

இதை எழுதியதும் "பார், நீயே ஒத்துக்கொள்கிறாய்" என்று ஸ்கிரீன்ஷாட் எடுப்பீர்கள். எடுங்கள். தாமதம் வேறு, தாவல் வேறு. தாமதமாக வந்தவனைத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். தாவாதவனைத் தாவியதாகச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, ஆளும் கூட்டணியில் இருக்க ஆசைப்படுவது என்னமோ பெரிய பாவம் போல ஒரு தொனி எல்லோரிடமும். இருக்கட்டுமே? எங்கள் பக்கம் வந்து பாருங்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை. கேரளம் என்றால் நீங்கள் நினைக்கும் பச்சை எதுவும் இங்கே கிடையாது. மழை மறைவுப் பகுதி, பனைமரம், வெடித்த கரிசல் மண். தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அது வருகிறதா, எந்த மாதம் எவ்வளவு வருகிறது, மூலத்தரை வலதுகரைக் கால்வாய் எங்கள் கடைமடை வரைக்கும் வருமா, இதெல்லாம் திருவனந்தபுரத்தில் கோப்பைத் திறந்து இரண்டு மாநில அதிகாரிகளையும் உட்காரவைத்துப் பேசத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால்தான் நகரும். எங்களுக்கு அமைச்சர் என்பது அலங்காரம் இல்லை, தண்ணீர். தமிழ் பேசுகிற எல்லைக் கிராமத்தை அங்கே எவனும் தானாக நினைத்துப் பார்ப்பதில்லை, சென்னையிலும் எவனும் நினைப்பதில்லை, மீம் போடும்போது மட்டும் எங்கள் தொகுதிப் பெயர் எல்லோருக்கும் சரியாக நினைவுக்கு வருகிறது. என்டிஏவுக்குப் போய்க் கொடியை மாற்றியிருந்தால் கால்வாயில் எவ்வளவு வந்திருக்கும் என்று அந்த வக்கீல் நண்பர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

கமென்ட்டில் "சொம்பு", "உண்டி" என்று வருபவர்களை பிளாக் செய்துவிடுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையை ஒரு தடவையாவது படித்துவிட்டு வருபவர்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயார். மாமா முகநூலில் இல்லை, அதனால் அவரை டேக் செய்யச் சொல்லிக் கேட்காதீர்கள்.