300 சதுர அடி சரி, வேலி எங்கே?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு 7,469 புது வீடுகள் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். 1983-லிருந்து வந்த சனங்களைப் பத்துக்குப் பத்து அறைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தோம். அதே அறையில் மகனுக்குக் கல்யாணமாகி, மருமகள் வந்து, பேரனும் பிறந்து, குறுக்கே கட்டிய சேலைதான் சுவர். அதற்கு 300 சதுர அடி கான்கிரீட் வீடு எவ்வளவோ தேவலை. கழிப்பறை வீட்டோடு வந்ததே பெரிய விஷயம்.

என் குறையெல்லாம் கதவுக்கு வெளியேதான்.

யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் வீடு என்பது வளவோடு, அதாவது சுற்றியுள்ள சொந்த நிலத்தோடு சேர்ந்தது. சுற்றி வேலி, வருகிறவர் நின்று குரல் கொடுக்க ஒரு படலை (வேலிக் கதவு), தள்ளிக் குசினி (சமையலறை), பின்னால் கிணற்றடி. தென்னோலைக் கிடுகு வேலி மறைவு இருப்பதால் பெண்கள் திறந்த வெளியிலேயே நிம்மதியாகக் குளிப்பார்கள். இங்கே ஒரு பழைய முகாமில் நான் பார்த்த குளியல் மறைப்பு, நாலு கம்பு நட்டுச் சுற்றிய ஃப்ளெக்ஸ் பேனர். ஏதோ கட்சிக்காரர் பிறந்தநாள் பேனர், தலைவர் முகம் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி கவனமாகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள்! பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார்: "எங்கட ஊரில எல்லாம் வளவுக்குள்ளதான் தம்பி, இஞ்ச கதவைத் திறந்தா றோட்டு." புது வீடு வந்தாலும், கதவைத் திறந்தால் ரோடு என்றால் அவர் சொன்னதில் பாதி அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் வளவு வேலி பார்த்தவர்களும் இல்லை. கணிசமான பேர் மலையகத்து, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதி வழி வந்தவர்கள். 77, 83 கலவரங்களில் தோட்டத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போய், அங்கிருந்து படகேறி வந்த குடும்பங்கள். வெள்ளைக்காரன் கட்டிய லயம் என்கிற வரிசை வீட்டில், ஒரு காம்பராவும் (அறை) முன்னால் ஒரு இஸ்தோப்புமாக (திண்ணை) வாழ்ந்தவர்களைக் கொண்டுவந்து நாமும் வரிசையாகவே உட்கார வைத்தோம், அதுவும் இஸ்தோப்பு இல்லாமல். "இலங்கைத் தமிழர்" என்று ஒரே தலைப்பில் ஒரே வரைபடம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஜோர்டானில் 2012-ல் சிரியா அகதிகளுக்காகத் திறந்த ஸாத்தரி முகாமில் என்ன நடந்தது பாருங்கள். கேரவன் என்கிற தகர அறைகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தார்கள். சனங்கள் இரும்புக் குழாய்களை வைத்துச் சக்கர வண்டி செய்து, கேரவன்களை இழுத்துப் போய், சொந்தக்காரர்களோடு ப வடிவில் சேர்த்து நடுவில் முற்றம் விட்டுக்கொண்டார்கள். சிலர் அதில் நீரூற்றுகூட வைத்தார்கள், பாலைவனத்தில்! பொதுக் கழிப்பறைக்குப் பெண்கள் போகத் தயங்கியதால் வீட்டோடு கட்டிக்கொண்டார்கள். 2014-ல் அதே ஜோர்டானில் திறந்த அஸ்ராக் முகாமில் அந்தக் குழப்பம் வேண்டாம் என்று தங்குமிடங்களை நகர்த்த முடியாதபடி வரிசையாக நட்டுவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அஸ்ராக் அழகாகத் தெரியும். குடியிருக்கச் சொன்னால் நான் ஸாத்தரிக்குத்தான் போவேன்.

இன்னொன்று, சாவு. எந்த வரைபடத்திலும் இதற்கு இடமில்லை. செத்த வீடு என்றால் உடலை எங்கே கிடத்துவது, வருகிற பெண்கள் எங்கே உட்கார்ந்து அழுவது, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு எங்கே சமைப்பது? எல்லாம் தெருவில்தான், பந்தல் போட்டு, எதிர்வீட்டுக்காரர் வாசலையும் சேர்த்து அடைத்து. பெண் பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடும் அப்படியே. புது வீட்டின் ஹாலை இரண்டடி அகலமாக்குவதைவிட, எட்டுப் பத்து வீட்டுக்கு நடுவில் ஒரு திறந்த இடம் விட்டிருந்தால் நன்மை, துன்பம் இரண்டுக்கும் ஆகும்.

நான் கேட்பது பெரிய டிசைன் எல்லாம் இல்லை. வாசலில் ஒரு திண்ணை அகலம், பின்னால் மறைவாகத் துணி துவைக்க இடம், வேலி போட்டுக்கொள்ள அனுமதி. கடலோர முகாமென்றால் வலை காயப்போட நிலம். முதல் கூட்டத்தை ஆண்களோடு மட்டும் நடத்தாமல் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது.

"இது தற்காலிக முகாம்தானே, இவ்வளவு எதற்கு" என்று யாராவது வருவார்கள். ஐயா, இந்தத் தற்காலிகத்தில் பிறந்த பெண்ணுக்கே இப்போது கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள்.