பால்வாடி டீச்சரும் டீச்சர்தான்

எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். முடியவில்லை. பாடத்திட்டக் கூட்டத்தில் எடுத்த அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "சோறு ஊட்டுறவங்களுக்குப் பாடத்திட்டக் கூட்டத்துல என்ன வேலை?" என்று அதில் ஒருவர் கேட்டதும் பக்கத்தில் இருந்த அங்கன்வாடி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்த அக்கா டீச்சர். சோறு ஊட்டுகிற டீச்சர்.

பதினொரு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். பள்ளி வளாகத்திலேயே இருந்த பால்வாடியில் இருந்து வரும் பிள்ளைகள் முதல் நாள் அழமாட்டார்கள். கதை சொன்னால் 'அப்புறம்?' என்று கேட்பார்கள். ஏன் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் சோறு கொதிக்க, அக்கா தரையில் உட்கார்ந்து புளியங்கொட்டையைக் கூட்டிப் பிரிக்க விட்டிருந்தார். கரும்பலகையில் நான் ஒரு மாதம் மல்லுக்கட்டுகிற கணக்கு அது.

அன்றைக்குப் பிறகுதான் மனு, கூட்டம், சட்டம் என்று அலைய ஆரம்பித்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் உரிமை தருகிறது. 3 வயதுப் பிள்ளைக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது அதன் 11-வது பிரிவு. செய்யலாம்! அந்தச் சொல்லைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

"முறையாகப் படித்த ஆசிரியரும் இவர்களும் ஒன்றா?" என்பீர்கள். பயிற்சி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். கொடுங்கள் என்றுதானே கேட்கிறோம்? அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975-இல். இவர்களுக்குப் பணிக்கொடை, அதாவது வேலையை முடித்துப் போகும்போது தரும் தொகை, உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022-இல். நாற்பத்தேழு வருடம். மத்திய அரசு தன் பங்காகத் தருவது இன்றும் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். எடை பார்க்க, சத்துமாவு கொடுக்க, பதிவேடு எழுத, போனில் விவரம் ஏற்ற இவர்கள் வேண்டும். பிள்ளைக்கு என்ன சொல்லித் தரலாம் என்று பேசும்போது மட்டும் வெளியே நிற்க வேண்டுமா?

"உனக்கென்ன, நீ அரசு சம்பளம் வாங்குகிறவள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்குகிறேன். அதனால்தான் எனக்கு உறுத்துகிறது.

2019-இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வந்தது. 2022-இல் மூடப் போகிறோம் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். இந்த இரண்டு முடிவுக்கும் நடுவில் ஒரு பால்வாடியிலாவது போய் உட்கார்ந்து கேட்டார்களா?

நேற்று அக்காவுக்கு போன் செய்தேன். அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னேன். "வேணாம் டீச்சர், நீங்க பேசுங்க, போதும்" என்றார். இத்தனை வருடமாக அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். நான் அவரை ஒருமுறைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.