நாற்று நடுகிறவர்கள் பின்னால் போவார்கள்

போன வாரம் இங்கே மும்பையில் ஒரு தமிழ் விழா. பிள்ளைகள் கிராமிய நடனம் ஆடினார்கள். கண்டாங்கிச் சேலை, இடுப்பில் பிளாஸ்டிக் குடம் எல்லாம் இருந்தது. நாற்று நடும் இடம் வந்ததும் குனிந்து நட்டுக்கொண்டே முன்னால் வந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நடுகிறவர்கள் பின்னால்தான் போவார்கள். முன்னால் வந்தால் நட்ட நாற்றைத் தாங்களே மிதித்துவிடுவார்களே!

பிள்ளைகள் மேல் தப்பில்லை. செம்பூரில் பிறந்த பிள்ளை வயலை எங்கே பார்த்திருக்கும்? சொல்லித்தருகிற நாங்கள் பார்த்திருக்க வேண்டும். சேலைக்கட்டைத் தேடி அலைகிற நேரத்தில் பாதியையாவது அந்த வேலையைப் பார்க்கச் செலவழிக்கலாம்.

அதற்கு ஊருக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. பூத்தொடுக்கும் அபிநயத்தில் நான் கற்றது, ஊசியில் கோர்த்து இழுப்பது. மாட்டுங்கா பூக்கடை அக்காவிடம் ஊசியே கிடையாது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து இடது கை பிடித்திருக்கும். வலது கை நூலை விரலில் வளையமாக்கி, காம்பில் மாட்டி, ஒரு சுண்டு. கண்ணோ தெருவில் வருகிறவர்கள் மேல். கை போகும் இடத்துக்குக் கண் போகவேண்டும் என்கிறது பழைய நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம். அக்காவுக்குக் கை ஒரு வேலை, கண் ஒரு வேலை. அதை ஆடிக்காட்ட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இந்த நேரத்தில் நடனக் கலைஞர் சந்திரலேகாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மகாராஷ்டிரத்து வாடாவில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவர். 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிதிக்காக நடந்தது. யமுனையில் பெண்கள் தண்ணீரில் விளையாடுவதை ஆடிக்கொண்டிருந்தபோதே வெடித்துக் கிடக்கும் நிலம் மனசில் வந்து அவரை உலுக்கிவிட்டது. 1985இல் 'அங்கிகா' என்ற நடனப் படைப்பில் அவர் பரதத்தோடு யோகத்தையும் களரியையும் சேர்த்து உடம்பையே முன்னால் வைத்ததற்கு, அந்த உறுத்தலும் ஒரு வித்து என்றே நான் நம்புகிறேன்.

சரி, என் வகுப்புக்கு வருகிறேன். இப்போது குடத்தில் தண்ணீர் ஊற்றித்தான் ஒத்திகை. பாதிக் குடம்தான். அது இடுப்பில் ஏறியதுமே உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, சும்மா இருக்கும் கை தானாக விலகி நிற்கிறது, காலடி குறுகுகிறது. யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் குடத்தை வாங்கிவைத்துவிட்டு அதே நடையை நடக்கச் சொல்கிறேன். நேற்று பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, இல்லாத குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பை மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.